முதலீட்டு நிர்வாகத்தில் எந்த வேலை உங்களுக்கு?

'இன்வெஸ்ட்மென்ட் மேனேஜ்மென்ட்' என்றதும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பட்டதாரிகள் பலருக்கும் நினைவுக்கு வருவது பங்குகளை வாங்கி விற்கும் ஃபண்ட் மேனேஜர்தான். அந்த வேலைகள் மிகக் குறைவு. பெரும்பாலும் மும்பையில் இருக்கின்றன. சென்னைக்கு இத்துறையில் வேறொரு பலம் உண்டு. இந்தியாவின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டான கோத்தாரி பயனியர் 1993-ல் தொடங்கியது இங்கேதான். நாட்டின் மியூச்சுவல் ஃபண்ட் சொத்தில் பாதிக்கும் மேல் பதிவாளராக இருக்கும் கேம்ஸும் சென்னை நிறுவனம். ஆகவே உங்கள் கைக்கு வரும் முதல் ஆஃபர் அநேகமாக ஃபண்டுகளின் பதிவு, கணக்கு பார்க்கும் ஆபரேஷன்ஸ் வேலையாகத்தான் இருக்கும். அதை மட்டமாக நினைக்க வேண்டாம்; ஆனால் எந்த டெஸ்க் என்று கேட்காமல் சேரவும் வேண்டாம்.

ஓர் உதாரணம். அமெரிக்காவுக்கு வெளியே பதிவான ஒரு ஃபண்ட், அமெரிக்கப் பங்கு ஒன்றை வைத்திருக்கிறது. வரவேண்டிய டிவிடெண்ட் 1,00,000 டாலர் என்கிறது நம் கணக்கு. வங்கியில் வந்ததோ 70,000. இரு கணக்குகளையும் ஒத்துப்பார்க்கும் ரெக்கன்சிலியேஷன் டெஸ்க்கில் இந்த வித்தியாசத்துக்குப் பெயர் 'பிரேக்'. மீதி 30 சதவீதம் அங்கே பிடிக்கப்பட்ட வரி என்று கண்டுபிடிப்பவர் நிதித் துறையைக் கற்கிறார். காரணம் தேடாமல் டிக்கெட்டை மேலே தள்ளிவிடுகிறவர் எதையும் கற்பதில்லை. ஃபண்ட் அக்கவுண்டிங், என்.ஏ.வி. (யூனிட்டின் நிகரச் சொத்து மதிப்பு) கணக்கிடுதல், கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ் ஆகிய டெஸ்க்குகள் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். வெறும் டேட்டா என்ட்ரி என்றால் ஒரு வருடத்துக்குள் வேறு டெஸ்க்குக்கு மாற்றல் கேளுங்கள்.

அடுத்து ஷிஃப்ட். நியூயார்க் சந்தை மாலை 4 மணிக்கு மூடும்போது நமக்கு நள்ளிரவு 1.30, அவர்களின் குளிர்காலத்தில் 2.30. அமெரிக்க ஃபண்டின் என்.ஏ.வி. வேலைக்கு இரவு விழிப்பு தவிர்க்க முடியாதது. கேப் அம்பத்தூர் ஓ.டி.யோடு நின்றுவிடுமா, பட்டாபிராம், திருநின்றவூர் வரை வருமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

ரிசர்ச் பக்கம் போக ஆசையா? என்.ஐ.எஸ்.எம். சீரிஸ் 15 தேர்வு எழுதுங்கள். தேர்ச்சிக்கு 60 சதவீதம், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். ஆனால் சான்றிதழ் மட்டும் வேலை தராது. நீங்களே எழுதிய இரண்டு நல்ல ரிப்போர்ட்டுகள் தரும். பாடியில் ஆலை வைத்திருக்கும் சுந்தரம் ஃபாஸனர்ஸ், வீல்ஸ் இந்தியா இரண்டும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். ஐந்து வருட ஆண்டறிக்கைகளை எடுத்து, கடன் ஏன் ஏறியது, லாபம் ஏன் இறங்கியது என்று நான்கு பக்கம் எழுதிப் பாருங்கள். அப்பாவோ மாமாவோ அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு போல்ட் எப்படி உருவாகிறது என்று தெரியும். அந்த அறிவுக்கு இங்கே மதிப்பு உண்டு. சி.எஃப்.ஏ.வுக்கு அவசரம் வேண்டாம். ஒரு நிலைக்கே சுமார் 300 மணி நேரப் படிப்பு வேண்டும், கட்டணமும் டாலரில். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது வழி, விநியோகஸ்தர் ஆவது. என்.ஐ.எஸ்.எம். சீரிஸ் 5-ஏ தேர்வும் ஆம்ஃபியின் ஏ.ஆர்.என். எண்ணும் போதும். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெறுகிறவர்கள், எஸ்டேட் பட்டறை முதலாளிகள் என்று வாடிக்கையாளர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் வருமானம் மெதுவாகத்தான் வரும். 2018-ல் செபி முன்கூட்டிய கமிஷனை நிறுத்திவிட்டது. இப்போது முக்கியமாக டிரெயில் கமிஷன்தான், அதாவது முதலீடு நீடிக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வருவது. சராசரி 0.8 சதவீதம் என்று வைத்தால், 1 கோடி ரூபாய் முதலீட்டைத் திரட்டினாலும் ஆண்டுக்கு 80,000 ரூபாய்தான். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு இருப்பவர்கள் இதை முதல் வேலையாக எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. சம்பள வேலையில் சில வருடம் இருந்து, கொஞ்சம் சேமித்துக்கொண்டு வாருங்கள். இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டில் இதே சென்னையில் எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன! நேர்மையாகச் சொல்லித்தர ஆள் வேண்டிய ஊர் இது.

கடைசியாக ஒன்று. வேலை தர முன்பணமோ 'பயிற்சிக் கட்டணமோ' கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். 'இன்வெஸ்ட்மென்ட் அட்வைசர்' என்று கூப்பிட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி விற்க மாத டார்கெட் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.