செயின் நீளுவதில்லை, தேய்கிறது

பைக் செயின் தொங்கினால் டைட் வைக்கிறோம். மறுபடி தொங்கினால் லிங்க் வெட்டச் சொல்கிறோம். சத்தம் போட்டால் கையில் கிடைத்த ஆயிலை ஊற்றுகிறோம். தொங்குவதும் சத்தமும்தான் கோளாறு என்ற எண்ணமே இத்தனைக்கும் காரணம். அவை அறிகுறிகள்தான்; கோளாறு, கண்ணிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

நம்பிக்கை: செயின் இழுபட்டு நீண்டுவிடும், ஒரு லிங்க்கை வெட்டினால் பழையபடி ஓடும்.

உண்மை: 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற ரோலர் செயின் அமைப்புதான் இன்றும் நம் வண்டிகளில் ஓடுகிறது. இரு பக்கமும் தகடுகள், அவற்றைக் கோக்கும் பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் உருளும் ரோலர். ஓட்டத்தில் இந்தத் தகடுகள் இழுபட்டு நீளுவதில்லை. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து, இடையில் இடைவெளி விழுகிறது. 100, 125 சிசி வண்டிகளில் ஒரு கண்ணியின் நீளம் 12.7 மி.மீ.; ஆக, புதுச் செயினில் 20 கண்ணிகள் 254 மி.மீ. இருக்கும். அது 259 மி.மீ.யை எட்டிவிட்டால் செயினின் ஆயுள் முடிந்தது என்பது பொதுவான வரம்பு. கண்ணிக்குக் கால் மி.மீ. தேய்மானம்தான், ஆனால் 110 கண்ணிகள் சேர்ந்தால் 27 மி.மீ.க்கு மேல். லிங்க் வெட்டும்போது, உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் ஜோடியாக இருப்பதால் இரண்டையும் எடுக்கிறார்கள், தொங்கல் மறைந்துவிடுகிறது. மீதமுள்ள 108 கண்ணிகளும் 12.95 மி.மீ.யாகவே இருக்கின்றன, ஸ்ப்ராக்கெட் பற்களோ 12.7-க்கு வெட்டப்பட்டவை. அதனால் ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் நுனியை நோக்கி ஏறுகிறது. ஓடும்போது செயின் கழன்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு பின்சக்கரத்தையே பூட்டிவிடலாம். “வெட்டிய பிறகும் பல மாதம் ஓடியதே” என்பார்கள். ஓடும்தான், அந்த மாதங்களில் பற்களைக் கொக்கிபோல் வளைத்துத் தேய்த்துக்கொண்டே ஓடும். அந்தப் பற்களின் மேல் புதுச் செயினை மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரம் கெடும். அதனால்தான் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒரே செட்டாக மாற்றச் சொல்கிறார்கள்.

நம்பிக்கை: செயின் டைட்டாக இருந்தால் பிக்கப் கூடும்.

உண்மை: பெரும்பாலான வண்டிகளில் ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது, முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அதற்கு இடம் கொடுக்கவே நடுவில் 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் விடுகிறார்கள். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த இழுப்பு கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கிலும் சக்கர பேரிங்கிலும் போய் விழும். பிக்கப் கூடாது, செலவுதான் கூடும். செயின் எல்லா இடத்திலும் ஒரேபோல் தேயாது என்பதால், சக்கரத்தைக் கையால் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் பிரேக் ராடின் அளவும் மாறிவிடும். அதையும் சரிபார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

நம்பிக்கை: எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலே செயினுக்குப் போதும்.

உண்மை: எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் அந்த ஆயிலில் மிதக்கின்றன. சாலைப் புழுதியும் சேர்ந்தால், எந்த உரசலைத் தடுக்க ஊற்றினோமோ அதையே அது கூட்டும். ஆயில் சேரவேண்டிய இடம் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையிலான மெல்லிய சந்து. அதன் வழியாகத்தான் பின்னுக்குப் போகும். வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போது 90 கிரேடு கியர் ஆயிலையோ செயின் லூபையோ அங்கே விட்டு, வழிவதைத் துடைத்துவிட வேண்டும். ரப்பர் வளையம் கொண்ட ஓ-ரிங் செயினில் பின்னுக்கான கிரீஸ் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. “அப்படியானால் மேலே எதுவும் வேண்டாமே” என்பதும் தவறு: ரோலர் துருப்பிடிக்காமலும் ரப்பர் வளையம் காயாமலும் இருக்க லூப் தேவை. பெட்ரோலில் கழுவினால் அந்த வளையம் கெடும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. மண்ணெண்ணெய் போதும்.

நம்பிக்கை: சென்டர் ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் எஞ்சினை ஓடவிட்டுத் துணியைப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும்.

உண்மை: விரல்கள் போவது இப்படித்தான். ஐட்லிங்கில், முதல் கியரில்கூட 100 சிசி வண்டியின் செயின் நொடிக்கு ஏறத்தாழ ஓரடி நகர்கிறது. துணியின் நுனி ஒரு கண்ணியில் சிக்கினால் ஸ்ப்ராக்கெட்டுக்கு மிஞ்சியிருப்பது சில அங்குலம். கையை இழுக்க மூளை சொல்வதற்குள் விரல் பல்லுக்கும் ரோலருக்கும் நடுவே போய்விடும். “பல வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்” என்பது இதுவரை துணி சிக்கவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். அப்போதும் ஸ்ப்ராக்கெட் பக்கம் விரல் போகக் கூடாது.

செட்டை முழுசாக மாற்றும்போது செயின் லாக்கின் கிளிப்பைக் குனிந்து பாருங்கள். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். அதாவது, மேல் வரிசையில் வண்டியின் முன்பக்கத்தை. திருப்பிப் போட்டால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடலாம். செட் விலை அதிகம், லிங்க் வெட்டுவது மலிவு என்பது உண்மைதான். ஆனால் வெட்டுவதால் தேய்மானம் குறைவதில்லை. செலவு தள்ளிப்போகிறது, அதுவரை ஆபத்தும் கூடவே ஓடுகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால், செயினை டைட் வைக்கச் சொல்லாதீர்கள், செட்டை மாற்றச் சொல்லுங்கள்.