‘தோட்டத்துப் பிள்ளைகளே இப்படித்தான்’: ஒரு வாக்கியத்தின் அறிவியல்

திங்கட்கிழமை காலை. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து புறப்பட்ட பள்ளிப் பேருந்து வழியில் பழுதாகி நின்றுவிடுகிறது. அதில் வந்த மாணவன் ஒருவன் கோல சிலாங்கூரில் உள்ள தன் பள்ளிக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்து சேர்கிறான். இந்த ஒரு நிகழ்வை எத்தனை விதமாகச் சொல்லலாம், பாருங்கள்.

‘அவன் இன்று 20 நிமிடம் கழித்து வந்தான்.’
‘அவன் நேரத்தை மதிப்பதில்லை.’
‘அவன் பொறுப்பில்லாதவன்.’
‘தோட்டத்துப் பிள்ளைகளே இப்படித்தான்.’

முதல் வாக்கியத்தைக் கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்கலாம். இரண்டாவதில் ‘இன்று’ காணாமல் போகிறது. மூன்றாவதில் செயலே இல்லை, குணம் மட்டும்தான் இருக்கிறது. நான்காவதில் அந்த மாணவனே மறைந்துவிடுகிறான். பழுதான பேருந்தோ எந்த வாக்கியத்திலும் இல்லை!

வினைச்சொல்லிலிருந்து குணச்சொல்லுக்கு ஏறும் இந்த ஏணியை சமூக உளவியலாளர்களான குன் செமினும் கிளாஸ் ஃபீட்லரும் 1988-இல் வகைப்படுத்தினர். மறு ஆண்டு, இத்தாலியில் ஆன் மாஸ் என்பவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. அங்கே ‘பாலியோ’ என்ற குதிரைப் பந்தயத்தில் ஒரே ஊரின் பேட்டைகள் ஒன்றோடொன்று மோதும். தன் பேட்டைக்காரர் நல்லது செய்தால் மக்கள் அதை ஏணியின் உச்சியில் வைத்துச் சொன்னார்கள்: ‘அவர் நல்லவர்.’ எதிர்ப் பேட்டைக்காரர் தவறு செய்தால் அதுவும் உச்சிக்குப் போனது: ‘அவர் முரடர்.’ தன் ஆள் தவறு செய்தால் மட்டும் கீழ்ப்படி: ‘அன்று ஒருவரைத் தள்ளினார்.’ இதில் யாரும் பொய் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சொல்லைத் தேர்ந்த விதமே வேலையைச் செய்துவிட்டது.

தமிழில் இந்த ஏணி ஏறுவதற்கு வசதியான ஒரு விகுதி உண்டு: ‘-காரன்’. ‘குடிக்கிறான்’ என்றால் நாளை நிறுத்தலாம். ‘குடிகாரன்’ என்றால்? 1999-இல் சூசன் கெல்மன், கேல் ஹேமன் என்ற இருவர் 5, 7 வயதுப் பிள்ளைகளிடம் ரோஸ் என்ற சிறுமியைப் பற்றிச் சொன்னார்கள். சிலரிடம் ‘அவள் முடிந்தபோதெல்லாம் கேரட் சாப்பிடுவாள்’ என்றும், மற்றவர்களிடம் ‘அவள் கேரட் தின்னி’ என்றும் சொன்னார்கள். பட்டப்பெயரைக் கேட்ட பிள்ளைகளே, ரோஸ் பெரியவளானாலும், யார் தடுத்தாலும் கேரட்டை விடமாட்டாள் என்று அதிகம் நம்பினார்கள்.

ஒரு குழுவைப் பற்றிச் சொல்லும்போது என்ன ஆகும்? 2012-இல் மர்ஜோரி ரோட்ஸ் குழுவினர் ‘ஜார்ப்பி’ என்ற கற்பனைக் கூட்டத்தைப் பற்றிய படப் புத்தகத்தை நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டினார்கள். ‘இந்த ஜார்ப்பிக்குப் பொறிவண்டு என்றால் பயம்’ என்று கேட்டவர்கள் அதை ஒருவரின் பழக்கமாக எடுத்துக்கொண்டார்கள். ‘ஜார்ப்பிகளுக்குப் பொறிவண்டு என்றால் பயம்’ என்று கேட்டவர்களோ, அது பிறவியிலேயே வருவது என்று எண்ணத் தலைப்பட்டார்கள். படங்கள் ஒன்றுதான். மாறியது ‘இந்த’ என்ற சொல்லும் ஒரு ‘-கள்’ விகுதியும்.

இத்தகைய பொதுக்கூற்றுக்கு ஒரு விசித்திர வலிமை உண்டு. ‘ஏடிஸ் கொசு டெங்கியைப் பரப்பும்’ என்கிறோம். ஆண் கொசு கடிப்பதே இல்லை. பெண் கொசுக்களிலும் எல்லாமே கிருமியைச் சுமப்பதில்லை. ஆனாலும் வாக்கியம் உண்மையாகவே நிற்கிறது. கொசு விஷயத்தில் இது நமக்குப் பயன்படுகிறது. மனிதர்கள் விஷயத்திலோ, எத்தனை விதிவிலக்கைக் காட்டினாலும் அசையாத வாக்கியமாகிவிடுகிறது.

நம் மாநிலத்திலேயே இது நடந்திருக்கிறது. ‘தமிழர்கள் அடக்கமானவர்கள், சொன்னதைச் செய்வார்கள்’ என்று காலனிய காலத்துத் தோட்டத் துரைமார்களும் அதிகாரிகளும் திரும்பத் திரும்ப எழுதினார்கள். கேட்கப் புகழ்ச்சி போலிருக்கும். ஆனால் அன்றைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து அழைத்து வந்தவர் கங்காணி. குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். வாய் திறக்காததற்குக் காரணம் இரத்தத்தில் இல்லை, லயத்தில் இருந்தது. நம் பழுதான பேருந்தைப் போல, அந்த லயமும் வாக்கியத்தில் இடம்பெறவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது கோல சிலாங்கூர் பக்கமும் பரவியது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவற்றைக் கேட்டார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையையும் கேட்டார்கள். (எனக்கு அந்தச் சைக்கிள் கோரிக்கைதான் மறக்கவே மாட்டேன் என்கிறது.) தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் மே மாதம் கைதானார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகு ‘அடக்கமானவர்கள்’ என்ற வாக்கியம் உடைந்திருக்க வேண்டுமல்லவா? உடையவில்லை. தொழிலாளர்கள் அடக்கமானவர்கள்தான், வெளியிலிருந்து வந்தவர்கள் தூண்டிவிட்டார்கள் என்பதே அதிகாரிகள் தரப்பின் விளக்கமாக இருந்தது.

மலாய்க்காரர்களைச் ‘சோம்பேறிகள்’ என்றதும் இதே வகைதான். சொந்த நிலத்தில் நெல் விளைவித்தவர்களுக்கு அடுத்தவர் தோட்டத்தில் குறைந்த கூலிக்கு உழைக்க அவசியமில்லை. அந்த மறுப்புக்கே சோம்பல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சமூகவியலாளர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டினார். நாமும் ஒன்றும் சளைத்தவர்களல்லர். மற்ற இனத்தாரைப் பற்றி நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தமிழில் ஓடும் ‘அவங்களே அப்படித்தான்’ எத்தனை என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒரு சிறு ஆய்வு செய்து பாருங்கள். அடுத்த முறை உங்கள் பள்ளிக்கும் பக்கத்துப் பள்ளிக்கும் காற்பந்தாட்டம் நடக்கும்போது, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். இரு தரப்பு ஆதரவாளர்களும் ஒவ்வொரு தவறையும் எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று அப்படியே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஏணியின் படி எண்ணை, 1 முதல் 4 வரை, குறியுங்கள். நீங்களே கத்தியதையும் சேர்த்து எழுதுங்கள்.