சுரங்கத்தில் இறங்கிய கூண்டு

1989 நவம்பர் 13 அன்று, மேற்கு வங்காளத்தின் இராணிகஞ்சுப் பகுதியிலுள்ள மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்தினுள் வெள்ளம் புகுந்தது. தொழிலாளர் 6 பேர் மாண்டனர். 65 பேர் வெளியேற வழியின்றிச் சிக்கினர்.

மேலிருந்து புதிய துளையிட்டு, எஃகுக் கூண்டொன்றை இறக்கி, அவர்களை ஒவ்வொருவராக மேலேற்றலாம் என்றார் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில். எண்ணம் எளிது, செயல் அரிது. அக்கூண்டு ஓர் ஆள் நிற்கும் உயரமும், துளைக்குள் தடையின்றி நழுவும் ஒடுக்கமும் உடையதாக இருத்தல் வேண்டும். அதில் ஏறுவோரோ, நாள்கணக்கில் இருளில் இருந்து தளர்ந்தவர்கள். அவர்களிடம் எத்திறமையையும் எதிர்பார்க்க இயலாது. உள்ளே நின்றால் போதும். மற்றவற்றை மேலிருப்போர் பார்த்துக்கொள்வர் என்னுமாறு அது அமைந்தது.

ஆயினும், கீழே நின்று ஒழுங்குபடுத்த ஒருவர் தேவைப்பட்டார். கில் தாமே அக்கூண்டில் இறங்கினார். தாம் வகுத்த கருவியைத் தம் உயிரை வைத்தே சோதித்தார் எனலாம். காயமுற்றோரையும் நலிந்தோரையும் முதலில் அனுப்பினார். நவம்பர் 16 அன்று 65 பேரும் கரையேறிய பின்னரே அவர் மேலே வந்தார்.

சொற்பொருள்: எஃகு – உருக்கு, ஒடுக்கம் – அகலக் குறைவு, நலிந்தோர் – உடல் தளர்ந்தோர்.

பயிற்சி: நீங்கள் வாழும் ஊரில் முதியோர் பயன்படுத்தத் துன்புறும் பொருள் ஒன்றைக் குறிப்பிட்டு, அதனை எவ்வாறு மாற்றி அமைப்பீர்கள் என ஐந்து வரிகளில் எழுதுக.