மலிவு விலைச் சங்கிலி ரம்பம்: வாங்குவதும் கூட்டுவதும் கையாளுவதும்

2016-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ந் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தபோது, நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பாதையை மறித்து விழுந்த தூங்குமூஞ்சி மரமொன்றைக் கோடாலியால் அகற்ற நாலு ஆளுக்கு ஒரு பகல் பிடிக்கும். சங்கிலி ரம்பம் சில நாழிகையில் துண்டு போட்டுவிடும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் வயலும் தோப்பும் சுருங்கிவிட்டனவாயினும், திருநின்றவூர், திருமழிசைப் பக்கங்களில் அவை முற்றும் அற்றுப் போகவில்லை. ஏரிகளின் உட்புறத்தில் வேலிகாத்தானும் மண்டிக் கிடக்கிறது. ஆகையால் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் இவ்யந்திரத்தைப் பற்றிச் செவ்வையாய் அறிந்திருப்பது அவசியம்.

கடையில் கிடைக்கும் ரம்பங்கள் மூவகைப்படும். ஜெர்மனியின் ஸ்டில், ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா போன்ற பழைய கம்பெனிகளின் சரக்கு ஒருவகை. அம்மாதிரிகளையும் ஜப்பானிய மாதிரிகளையும் பார்த்துச் சீன தேசத்தில் செய்து, வேறு பெயரில் விற்கும் நகல் ரம்பம் இரண்டாவது வகை. நகலைப் பழைய கம்பெனியின் பெயரும் வர்ணமும் பூசி விற்பது மூன்றாவது, இது போலி. பேடண்டு உரிமைக்கு 20 வருஷமே ஆயுள். அது தீர்ந்தபின் அமைப்பை யாரும் செய்யலாம். பெயரும் முத்திரையும் அவ்விதமல்ல. நகல் வாங்குவது குற்றமுமல்ல, கேவலமுமல்ல. போலி வாங்குவதோ, அசல் விலையில் பெரும்பகுதியைக் கொடுத்து நகலைப் பெறுவதேயாகும்.

இன்று எல்லா ரம்பங்களிலும் ஓடும் சங்கிலியே இப்படிப் பொதுவுடைமையான ஒன்றுதான். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் மரவெட்டியாயிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைக் கவனித்து, அதே முறையில் பற்கள் அமைந்த சங்கிலியை 1947-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தார். மாமரத்தில் தண்டு துளைப்பான் புழுவை உளி கொண்டு தோண்டியெடுத்தவர்களுக்கு அதன் தாடை வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நகலின் விலை அசலின் விலையில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காயிருப்பது எவ்விதம்? சிலிண்டர், பிஸ்டன் முதலிய பெரிய உறுப்புகளில் அவ்வளவு வித்தியாசம் காண்பதில்லை. மிச்சம் பிடிக்கப்படுவது சிறியவற்றில்: ஆயில் சீல், பெட்ரோல் குழாய், பேரிங், திருகாணிகள், சங்கிலிக்கு எண்ணெய் செலுத்தும் பம்பு, பிரேக் பட்டை ஆகியவை. யந்திரம் கெடுவதும் ஆளுக்குக் காயம் உண்டாவதும் பெரும்பாலும் இவற்றாலேதான். தகட்டில் எழுதியிருக்கும் கொள்ளளவையும் அப்படியே நம்பலாகாது. பிஸ்டன் விட்டம் 4.5 சென்டிமீட்டர், அது ஏறியிறங்கும் தூரம் 3.3 சென்டிமீட்டர் என்றால், விட்டத்தை விட்டத்தாலும், பின் 0.785-ஆலும், பின் 3.3-ஆலும் பெருக்க 52 கன சென்டிமீட்டர் சொச்சம் வரும். தகட்டிலோ 58 என்று இருக்கக்கூடும்.

ரம்பத்தை உதிரி உதிரியாக வாங்கித் தாமே கூட்டுவோரும் உண்டு. ஸ்டில் கம்பெனியாரின் எம்.எஸ். 660 என்னும் 91.6 கன சென்டிமீட்டர் மாதிரிக்கு நகல் உதிரிகள் முழுத் தொகுதியாகவே சீனாவிலிருந்து வருகின்றன. அவ்வளவு பெரிய யந்திரம் நம் தோப்புகளுக்கு வேண்டியதில்லை. ஆயினும் கூட்டும் முறை எல்லாவற்றிற்கும் ஒன்றே. உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி, சிலிண்டரின் உட்பக்கத் துவாரங்களின் கூரிய விளிம்பை மிக நுண்ணிய உப்புத்தாளால் மழுக்க வேண்டும். இல்லாவிடில் பிஸ்டன் வளையம் அதில் சிக்கி ஒடியும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகை போகும் பக்கம் நோக்க வேண்டும். பிஸ்டன் ஊசியைத் தாங்கும் சிறு கம்பி வளையங்கள், ஆயில் சீல்கள், பேரிங்குகள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றை மட்டும் பெயர்பெற்ற சரக்காக வாங்கி மாற்றிக்கொள்வது நலம். சில நூறு ரூபாய் செலவில் சிலிண்டர் பிழைக்கும். காந்தச் சக்கரத்துக்கும் காயிலுக்கும் இடையே ஒரு தபால் கார்டின் கனம் இடைவெளி விடுவது வழக்கம்.

கூட்டியபின் பெட்ரோல் ஊற்ற அவசரப்படலாகாது. காற்று நுழையும் வழியையும் புகை வழியையும் ரப்பரால் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும். எங்கேனும் குமிழி எழுந்தால் அங்கே ஒழுக்கு உண்டு. அவ்வழியே அதிகக் காற்று புகுந்து, எண்ணெய் கலந்த பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் வாங்கிய ரம்பத்திலும், விசையை விட்ட பின் வேகம் தானாக ஏறினாலும் இறங்கத் தாமதித்தாலும் இக்குற்றத்தையே சந்தேகிக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அறுந்த திருகாணியையோ உடைந்த கைப்பிடித் தாங்கியையோ அங்கே செய்துகொள்ளலாம். பதம் ஏற்றப்பட்ட சங்கிலியையும் கிளச்சையும் கடைசலில் செய்துகொள்ள நினைப்பது விபரீதம்.

எதில் சிக்கனம் செய்தாலும் பிரேக்கில் செய்யலாகாது. பார் என்னும் நீண்ட தகட்டின் நுனியில், மேல் கால்பாகம் மரத்தில் பட்ட மாத்திரத்தில் ரம்பம் பின்னுக்கு எகிறி அறுப்பவன் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். கண்ணிமைக்கும் நேரம் கூட அதில் கிடையாது. கையால் நிறுத்த முடியாத இவ்வேகத்தை நிறுத்துவதற்காகவே முன்கைப்பிடியருகே பிரேக் தகடு வைத்திருக்கிறார்கள். ஸ்டில் கம்பெனியார் 1972-ல் இதைக் கொணர்ந்தனர். நகல்களில் இத்தகடு அலங்காரத்துக்கு இருப்பதும் உண்டு. பரீட்சை எளிது. யந்திரத்தை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, பின்கைப்பிடியை மாத்திரம் பற்றிக்கொண்டு, பாரின் நுனி ஒரு மரக்கட்டைக்கு ஒன்றரை அடி மேலே இருக்கும்படி பிடித்து, நுனியைத் தானாக விழவிட வேண்டும். கட்டையில் மோதியதும் தகடு படக்கென்று முன்னே சாய வேண்டும். பிறகு யந்திரம் ஓடும்போது தகட்டைக் கையால் தள்ளினால் சங்கிலி அக்கணமே நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும், கடைக்காரர் எவ்வளவு தள்ளிக் கொடுத்தாலும் அதை வாங்கக் கூடாது.

சங்கிலியைத் தேர்வதில் பலர் ஏமாறுகிறார்கள். அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் தூரத்தை அளந்து பாதியாக்கினால் வருவதே அதன் பிட்ச் அளவு. நகல்களில் பெரும்பாலும் 0.325 அங்குலம் இருக்கும், அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் பொருந்தும். நகலோடு வரும் சங்கிலி தென்னையின் வெளிவைரத்தில் விரைவில் மழுங்கும். ஏரி மணல் ஏறிய வேலிகாத்தானில் இன்னும் சீக்கிரம். தூள் பொடிப்பொடியாக விழுந்தால் பல் மழுங்கியதற்கு அடையாளம். செதில் செதிலாக விழுந்தால் கூர்மை இருக்கிறது. பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு அரம் போடுவது, முற்றும் மழுங்கியபின் நெடுநேரம் அராவுவதைவிட மேல்.

சாதாரண டூ-ஸ்ட்ரோக் எண்ணெயானால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி கலப்பது பத்திரம். 2025-ஆம் வருஷத்தில் இந்நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுப்பது. மட்டமான ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் சவ்வையும் அது கெடுக்கும். நகல்களுக்கு இத்தொல்லை அதிகம்.

இனி யார் எதை வாங்குவது? தோப்பைக் கவாத்து செய்யவும் விறகு போடவும் வருஷத்தில் பத்து நாள் உபயோகிக்கும் மிராசுதாரர், மேற்சொன்ன பரீட்சைகளைச் செய்து நகலை வாங்கி, சங்கிலியையும் பாரையும் மாற்றிக்கொண்டால் நஷ்டமில்லை. தினமும் கூலிக்கு அறுப்பவருக்கு நகல் கட்டாது. பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் கூலியைத் தின்றுவிடும். பஞ்சாயத்துக்கு அசலே தகும். பல கைகள் மாறும் யந்திரத்தின் குணங்குறைகளை ஒருவரும் பொறுப்பாக அறிந்திருப்பதில்லை. புயல் இரவில் அது கிளம்பாவிட்டால் வழி திறக்காது.

வேட்டி, மேல்துண்டுடன் ரம்பத்தைத் தொடலாகாது. தலைக்கவசம், கண்ணாடி, கனத்த கால்சட்டை, பூட்ஸ் வேண்டும். விழுந்த மரத்தின்மேல் மின்கம்பி கிடந்தால், மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை கிட்டே போகக் கூடாது. பனை மரத்தை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021-ல் தமிழ்நாட்டு அரசு விதித்திருப்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து ரம்பத்தை வைக்கும்போது தொட்டியிலுள்ள பெட்ரோலை ஊற்றிவிட்டு, யந்திரம் தானே அணையும் வரை ஓடவிட வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் ஒரு தரம் எடுத்துக் கிளப்பிப் பார்த்து, பிரேக்கை மறுபடி பரீட்சித்து, மாற்றுச் சங்கிலி ஒன்றைக் கூர் தீட்டி அதனோடு கட்டி வைக்க வேண்டும்.