இடுப்பில் எந்தக் கத்தி?

1845-ஆம் ஆண்டு. மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் நகரில் ஆரிகனுக்குப் புறப்படும் மாட்டு வண்டிகள் நிற்கின்றன. போக வேண்டிய தூரம் சுமார் 3,200 கிலோமீட்டர். கடைக்காரர் உங்கள் முன் மூன்று கத்திகளை வைக்கிறார். எதை எடுப்பது?

போவி கத்தி

பேரும் புகழும் இதற்குத்தான். 1827 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த கைகலப்பில், குண்டடிபட்ட ஜிம் போவி தன் பெரிய கத்தியால் எதிராளியைக் கொன்றார். செய்தி பரவியது, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்கென்றே போவி கத்திகளை அடித்துத் தள்ளின. அலபாமா அரசு 1837-இல் இதன் விற்பனைக்கு 100 டாலர் வரி போட்டது. சண்டைக்கு இது சரி. ஆனால் தோல் உரிக்க உட்கார்ந்தால் அலகின் கனம் மணிக்கட்டை வாட்டும். பிடிக்கு முன்னால் இருக்கும் குறுக்குக் காப்பு இடிக்கும்.

கசாப்புக் கத்தி

மெல்லிய அலகு, ஆணி அறைந்த மரப்பிடி, வேறு அலங்காரம் கிடையாது. மான் அறுக்க, தோல் உரிக்க, கறி நறுக்க, தட்டில் இருப்பதை வெட்டிச் சாப்பிட எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் ஏறிவிடும். மாசசூசெட்ஸில் ஜான் ரஸ்ஸல் 1834-இல் தொடங்கிய ஆலையின் ‘கிரீன் ரிவர்’ முத்திரை இந்த வகையில் பேர்போனது. குறை ஒன்று: காப்பு இல்லாததால், கொழுப்புப் படிந்த கை அலகுக்கு வழுக்கலாம்.

பார்லோ மடக்குக் கத்தி

மலிவு, பையில் அடங்கும். கீலருகே நீண்ட இரும்புத் தகடு இருப்பதால் உறுதியும் உண்டு. நாவலில் வரும் சிறுவன் டாம் சாயருக்குப் பரிசாகக் கிடைப்பதும் இதுதான். கயிறு அறுக்க, குச்சி சீவ, புகையிலை நறுக்க உதவும். விரித்த அலகுக்குப் பூட்டு இல்லை. குத்தினால் மடங்கி உங்கள் விரலையே பதம் பார்க்கும்.

எதை வாங்கினாலும் துருப்பிடிக்கும் எஃகுதான். வேலை முடிந்ததும் துடைத்து, கொழுப்புப் பூசி வையுங்கள்.

என் முடிவு: கசாப்புக் கத்தி இடுப்பில், பார்லோ பையில். போவிக்கு வைத்த காசில் மாவு வாங்கிக்கொள்ளுங்கள். ஜிம்மின் அண்ணன் ரெசின் 1838-இல் எழுதியபடி, முதல் போவி கத்தி வேட்டைக்காகச் செய்யப்பட்டது. ஒன்பதேகால் அங்குல நீளம், ஒருபக்கக் கூர், வளைவில்லாத அலகு. அதாவது, அதுவும் ஏறக்குறைய ஒரு கசாப்புக் கத்திதான்.