அறிகுறி காட்டாத நோய்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், தலைவலியும் தலைச்சுற்றலும் மூக்கில் குருதி வடிதலும் இரத்தக் கொதிப்பின் அடையாளங்கள் என்று கரும்பலகையில் எழுதி, மாணவியரைக் குறித்துக்கொள்ளச் செய்தவள் நான். அப்பாடம் எவ்வளவு குறையுடையது என்பதை ஓய்வுபெற்ற பின்னரே உணர்ந்தேன்.

முழங்கால் வலிக்காகச் சிதம்பரத்தில் ஒரு மருத்துவரைக் காணச் சென்றிருந்தேன். செவிலியர் புயத்தில் பட்டை சுற்றி அளந்தார். ஐயுற்று மறுமுறையும் அளந்தார். 176/104. எனக்கோ தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை.

இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேல் எண்; அது விரிந்து ஓய்வுறும்போது உள்ளது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேற்பட்டிருப்பின் அது நோயாகும். பெரும்பாலோர்க்கு எவ்வித அறிகுறியும் தோன்றாது. உலகில் இந்நோயுள்ள பெரியவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை அறியாமலே இருக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆதலின் அறிகுறிக்குக் காத்திராமல் அளந்து பார்ப்பதே வழி. அளக்குமுன் அரைமணி நேரம் காப்பி அருந்தலாகாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமர்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து, பேசாதிருத்தல் வேண்டும். (பேசாதிருப்பதே நம் மகளிர்க்குக் கடினம்!) 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுதேடி வந்தும் அளக்கின்றனர்.

“புலால் உண்ணாத நமக்கு இந்நோய் ஏது?” என்பார் நம்மவருள் உளர். ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய் ஆகியவற்றிலுள்ள உப்பை அவர்கள் எண்ணுவதில்லை. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கும் குறைவே போதும்.

கடலூரில் வாழும் என் தமையனார், சதுர்த்தசி உபவாசத்தன்று மாத்திரையை நிறுத்தினார். துன்பம் ஒன்றும் தோன்றாமையால் மற்ற நாட்களிலும் விட்டுவிட்டார். ஒருநாள் காலை அவருக்கு நாக் குழறியது. வாய் ஒருபுறம் கோணியது. “நோன்புக் களைப்பு” என்று வீட்டார் நண்பகல்வரை காத்திருந்தனர். மூளைக் குருதிக்குழாய் அடைபட்டால், கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். அக்காலம் கடந்துவிட்டது. அவருடைய வலக்கை இன்றும் எழுத உதவுவதில்லை.

முகக்கோணல், பேச்சுக் குழறல், ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, கடும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே 108ஐ அழையுங்கள்.

நோன்பிருப்போர் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறவேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போர் நீருமின்றி நோற்றால் மயங்கி விழவும் கூடும். அளவை மாற்றுவது மருத்துவர் பொறுப்பு. கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்துவதில்லை என்று நான் தயக்கத்துடன் கூறியபோது, என் மருத்துவர் சிறிதும் வியவாமல் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றித் தந்தார்.