செங்கால் நாரையை அறியும் வகை

சத்திமுத்தப் புலவர் வறுமையால் ஊரை விட்டுப் பாண்டியன் தலைநகர் சென்று, குளிர் மிகுந்த இரவில் போர்த்திக்கொள்ள ஆடையுமின்றிக் கிடந்து, வானிற் பறந்த நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக விடுத்துப் பாடிய செய்யுளை அறியாதார் தமிழகத்தில் அரியர். நாரையின் அலகுக்கு ஏற்றதோர் உவமை தேடிக்கொண்டிருந்த பாண்டியன், புலவர் அதனைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டதைக் கேட்டு மகிழ்ந்து அவர்தம் மிடியைத் தீர்த்தான் என்பது வழங்கிவரும் கதை. அச்செய்யுளைப் பொருளுடன் நெட்டுருச் செய்த நம்மில் எத்துணைபேர் அப்பறவையை நேரிற் கண்டால் இன்னதென்று கூற வல்லோம்? இவ்வினா எமக்கு எழுந்ததற்கு யாம் செய்த பிழையொன்றே காரணமாகும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கு மாணவர் சிலருடன் யாம் ஒரு நாட்காலை சென்றிருந்தோம். அவ்வூரார் தம் வீட்டு மரங்களிற் கூடுகட்டும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருபவர். 1994ஆம் ஆண்டில் அக்குளம் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆழமற்ற நீரில் நின்ற ஒரு பெரிய பறவையின் வெண்ணிற உடலையும் சிவந்த காலையும் கண்டமாத்திரத்தே, "இதுவே புலவர் பாடிய செங்கால் நாரை" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டோம். மாணவர் ஒருவர் பணிவுடன், "ஐயா, அலகு மஞ்சளாக அன்றோ தோன்றுகின்றது?" என்றார். மீண்டும் நோக்கினோம். அலகு மஞ்சளாயிருந்ததுமன்றி, நுனியிற் சிறிது கீழ்நோக்கி வளைந்துமிருந்தது. முகத்தில் இறகில்லை. மார்பிற் கருநிறப் பட்டை யொன்று குறுக்கே ஓடியது. வாலையடுத்த இறகுகள் ரோசா நிறமாயிருந்தன. அஃது உண்மையில் வர்ண நாரை. மஞ்சள்மூக்கு நாரை எனினும் ஒக்கும். காலொன்றையே நோக்கிப் பெயரிட்டமையே எம் பிழை.

ஆதலின், நீர்நிலைகளில் நிற்கும் நெடுங்காற் பறவைகளை எம்முறையில் நோக்கவேண்டும் என்பதை ஈண்டு வரிசைப்படக் கூறுவோம்.

முதலாவது, பறக்கும் நிலை. கொக்கினம் பறக்குங்கால் கழுத்தை மடக்கித் தோள்களுக்கிடையே ஒடுக்கிக்கொள்ளும். நாரையினமோ கழுத்தை முன்னும் காலைப் பின்னும் நேராக நீட்டிப் பறக்கும். நெடுந்தொலைவிற் பறக்கும்போதும் இவ்வேறுபாடு புலனாகும்.

இரண்டாவது, அலகு. அலகு இரை தேடும் கருவியாதலின் அதன் வடிவம் பறவையின் தொழிலை உணர்த்தும். வர்ண நாரை தன் அலகைச் சிறிது திறந்து நீருள் ஆழ்த்தி, இருபுறமும் வீசிக்கொண்டே நடக்கும். மீன் அலகிற் பட்டவுடன் மூடிக்கொள்ளும். அதற்குக் கண்ணினும் தொடுவுணர்வே மிக உதவுவது. கலங்கிய நீரிலும் அதற்கு இரை கிடைப்பது இதனாலேயே. நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுகளும் நடுவிற் பொருந்தாமல் இடைவெளிபட்டிருக்கும். நத்தையின் சதையை ஓட்டினின்றும் எடுப்பதில் அது தேர்ந்தது. ஆயின் அதன் இளம்பறவைக்கு அவ்விடைவெளி இராது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, உடலின் நிறமும் இறகின் நிறமும். நான்காவதாகவே காலை நோக்கவேண்டும். ஏனெனில், கால் ஏமாற்றும் இயல்புடையது. வர்ண நாரையின் கால் பருவத்திற்கேற்ப மங்கிய பழுப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் தோன்றும். அன்றியும், வெயில் மிகுந்த வேளையில் நாரைகள் தம் எச்சத்தைத் தம் கால்மேலேயே விடுவதுண்டு. அதிலுள்ள ஈரம் உலருங்கால் காலில் ஓடும் குருதி குளிர்கின்றது. அப்பொழுது செங்காலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்காலாய்த் தோன்றும். காலைப்பற்றிய மற்றொரு மயக்கமும் உண்டு. பின்னோக்கி மடங்கும் மூட்டை முழங்கால் என்று நாம் எண்ணுகின்றோம். அஃது உண்மையிற் கணுக்கால் ஆகும். முழங்கால் மேலே இறகுகளுள் மறைந்துள்ளது.

இனி, புலவர் பாடிய நாரை யாதென ஆராய்வோம். செய்யுள் தரும் அடையாளங்கள் மூன்று: கால் சிவந்தது, கூரிய அலகு பவளம் போன்றது, தென்கோடியாகிய குமரி வரையிற் சென்று வடக்கே திரும்புவது. மஞ்சள் அலகுடைமையால் வர்ண நாரை நீங்கும். நத்தைகுத்தியின் அலகு மங்கிய நிறமுடையது; ஆதலின் அதுவும் நீங்கும். எஞ்சியவை வெண்ணாரையும் கருநாரையுமாம். இரண்டும் செவ்வலகும் செங்காலும் உடையன. இரண்டும் குளிர்காலத்தில் இந்தியாவிற்கு வலசை வருவன. கருநாரை மக்களை அஞ்சி ஒதுங்கி வாழ்வது. வெண்ணாரையோ ஐரோப்பாவில் வீட்டுக் கூரைகளிலும் புகைபோக்கிகளிலும் கூடுகட்டுமளவு மக்களோடு பழகியது. திறந்த வயல்வெளிகளில் வெட்டுக்கிளி, தவளை முதலியவற்றைத் தின்று திரிவது. புலவர் கண்ணுக்குப் பழகியது வெண்ணாரையே என்று கொள்ளுதல் பொருத்தமாகும். எனினும், செய்யுள் உடலின் நிறத்தைக் கூறாமையால் இதனை ஐயத்திற்கு இடனின்றி முடிந்த முடிபென்று கூறோம்.

வெண்ணாரை ஏறத்தாழ மூன்றரை அடி நீளமுடையது. உடல் வெண்மை, சிறகின் பறக்கும் இறகுகள் மட்டும் கருமை. அதற்குக் குரல் மிகக் குறைவு. அலகுகளை ஒன்றோடொன்று தட்டி ஒலியெழுப்பும். வெயிலால் நிலத்தினின்றும் எழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, சிறகசைப்பின்றி நெடுந்தொலைவு மிதந்து செல்லும். கடல்மேல் அத்தகைய காற்று கிடையாமையால், ஐரோப்பிய வெண்ணாரைகள் நடுநிலக் கடலின் நடுவே செல்லாமல், கிழக்கிலும் மேற்கிலும் சுற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவை அடைகின்றன. மத்திய ஆசியாவிற் குஞ்சு பொரிப்பன இந்தியாவிற்கு வருகின்றன. தென்னாட்டளவும் வருவன சிலவே.

பறவைகள் குளிர்காலத்தில் எங்குச் செல்கின்றன என்பதை மேனாட்டார் நெடுங்காலம் அறியாதிருந்தனர். குருவிகள் குளத்தடியில் உறங்குகின்றன என்று கற்றோரும் நம்பினர். 1822ஆம் ஆண்டில் செருமனி நாட்டுக் க்ளூட்ஸ் என்னும் ஊரருகே ஒரு வெண்ணாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவி ஆப்பிரிக்க ஈட்டியொன்று நின்றது! அவ்வீட்டியே அது சென்றுவந்த நாட்டிற்குச் சான்றாயிற்று. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்நாரையின் உடல் பதனிட்டு வைக்கப்பட்டுள்ளது. பின்னர் 1899இல் தென்மார்க்கில் மார்ட்டென்சன் என்னும் ஆசிரியர் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையமிட்டு விடுத்து, வலசையை ஆராயும் முறையைத் தொடங்கினார். இவற்றுக்கெல்லாம் முன்னரே நம் புலவர் நாரை வடக்கே மீளும் என்பதை அறிந்து பாடினார். அவர்க்குக் கருவி கண் ஒன்றே.

மாணவர்க்குச் சில சொல்லி முடிப்போம். ஞாயிறு முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். பகட்டான நிறமுடைய ஆடைகளைத் தவிருங்கள். கூட்டை நெருங்கற்க, தாய் அஞ்சி எழுந்தால் அதன் சிறகு நிழலை இழந்த குஞ்சுகள் வெயிலில் வாடும், காக்கைக்கும் இரையாகும். கண்டவற்றை முதலில் எழுதி, பின்னரே நூலைத் திறந்து பெயர் காணுங்கள். எம் குறிப்பேட்டில் அன்று தவறாக எழுதிய வரியை யாம் அழித்திலேம். அடித்து, அதனருகே சரியான பெயரை எழுதி, மாணவர் கூறிய திருத்தத்தையும் நாளிட்டுக் குறித்துள்ளோம். பிழையும் திருத்தமும் ஒருங்கே நிற்கும் அப்பக்கத்தையே, குளக்கரைக்குப் புதிதாக வரும் மாணவர்க்கு முதலிற் காட்டி வருகின்றோம்.